ஷெல் ஸ்கிரிப்ட் மரபுகள்: கொழும்புப் பங்களிப்பாளர் குழுவொன்று எதைத் தெரிவு செய்யலாம்?

திறந்த மூல மேகக்கணிமைத் திட்டமொன்றின் முதன்மை நிரல் கோ மொழியிலோ பைத்தனிலோ எழுதப்பட்டிருக்கலாம். ஆனால் அதைக் கட்டுவது, சோதிப்பது, சேவையகத்தில் நிறுவுவது, கொள்கலன் (செயலியையும் அதற்குத் தேவையானவற்றையும் ஒன்றாகக் கட்டிய தனிச் சூழல்) எழும்போது முதல் வேலையைச் செய்வது ஆகிய எல்லாவற்றையும் பெரும்பாலும் ஷெல் ஸ்கிரிப்டுகளே, அதாவது முனையத்தில் இடும் கட்டளைகளைத் தொகுத்த கோப்புகளே, தாங்கி நிற்கின்றன. முதன்மை நிரலுக்கு நடை விதிகளும் சோதனைகளும் கண்டிப்பான மறுஆய்வும் இருக்க, ஸ்கிரிப்டுகள் மட்டும் எழுதியவரின் கைப்பழக்கத்துக்கு விடப்பட்டிருப்பதைப் பல களஞ்சியங்களில் காணலாம். கொழும்பிலிருந்து அத்தகைய திட்டமொன்றுக்குப் பங்களிக்கும் எங்கள் சிறு குழு, ஸ்கிரிப்டுகளுக்கெனப் பொது மரபொன்றை எழுதிவைக்க முனைந்தபோது முன்வந்த தெரிவுகளையும், அவற்றின் நன்மை தீமைகளையும், நான் எந்தப் பக்கம் சாய்கிறேன் என்பதையும் இங்கே முன்வைக்கிறேன்.

இந்த ஊரில் இப்படியொரு மரபு தேவைப்படுவதற்குத் தனிக் காரணம் உண்டு. மொரட்டுவை, கொழும்பு பல்கலைக்கழகங்களின் மாணவர்கள், 2005இல் கூகுள் தொடங்கிய கோடைகால நிரலாக்கத் திட்டத்தின் வழியாகத் திறந்த மூல உலகுக்குள் பெருந்தொகையில் நுழைந்திருக்கிறார்கள். கொழும்பில் பெரும் பொறியியல் பிரிவைக் கொண்ட டபிள்யூஎஸ்ஓ2 நிறுவனம் அப்பாச்சி அறக்கட்டளைக்குக் கையளித்த ஸ்ட்ரட்டோஸ் போன்ற மேகத் திட்டங்களில் கைபழகியவர்களும் இங்கே பலர். ஆகவே புதிதாக வந்து சேர்பவர் வெறுங்கையுடன் வருவதில்லை. மேகக்கணிமைத் தளமான ஓப்பன்ஸ்டெக்கில் வேலை செய்தவர் நான்கு இடைவெளி உள்தள்ளலுடனும், கூகுள் நடைக் கையேட்டில் பழகியவர் இரண்டு இடைவெளியுடனும், கொள்கலன்களை நிர்வகிக்கும் கூபர்நெட்டிஸில் இருந்து வந்தவர் சார்புப் பெயர்களுக்குள் இரட்டை முக்காற்புள்ளி வைக்கும் வழக்கத்துடனும் வருகிறார்கள். ஒவ்வொன்றும் அதனதன் இடத்தில் நியாயமானதே. மூன்றும் ஒரே அடைவுக்குள் சேரும்போதுதான் மறுஆய்வு செய்பவரின் பொழுது, ஸ்கிரிப்ட் என்ன செய்கிறது என்பதை விட்டு அது எப்படித் தோன்றுகிறது என்பதில் கழிகிறது.

தெரிவுகளை மூன்றாகச் சுருக்கலாம். எல்லா ஸ்கிரிப்டுகளையும், யுனிக்ஸ் வகை இயங்குதளங்களுக்குப் பொதுவான பொசிக்ஸ் தரத்துக்குள் நிற்கும் எளிய ஷெல்லில் எழுதுவது முதலாவது. எல்லாவற்றுக்கும், கூடுதல் வசதிகள் கொண்ட பாஷ் ஷெல் என்று வைத்துக்கொண்டு, அதன் குறைந்தபட்சப் பதிப்பை அறிவிப்பது இரண்டாவது. ஷெல்லைச் சில வரிகளுக்கு மட்டும் அனுமதித்து, மற்ற அனைத்தையும் பைத்தனுக்கோ கோவுக்கோ நகர்த்துவது மூன்றாவது.

பொசிக்ஸ் ஷெல்

1979இல் யுனிக்ஸின் ஏழாம் பதிப்புடன் வந்த போர்ன் ஷெல்லின் வழித்தோன்றல்கள் ஒன்றோடொன்று முரண்படத் தொடங்கியபோது, அவற்றுக்குப் பொதுவானதை வரையறுக்க 1992இல் பொசிக்ஸ் ஷெல் தரம் வெளியானது. அந்தத் தரத்துக்குள் நின்று எழுதப்படும் ஸ்கிரிப்ட், டெபியனின் சிறிய ஷெல்லான டாஷிலும், அல்பைன் லினக்ஸில் உள்ள பிசிபொக்ஸ் கருவித் தொகுப்பின் ஷெல்லிலும், பாஷிலும் ஒரே மாதிரி ஓடும் என்று எதிர்பார்க்கலாம். மேகக்கணிமையில் இது சாதாரண நன்மையன்று. கொள்கலன் படிமங்களைச் சிறிதாக வைத்திருக்க அல்பைனைப் பலரும் நாடுகிறார்கள். அதில் பாஷ் இயல்பாக இருப்பதில்லை. கொள்கலனின் தொடக்க ஸ்கிரிப்ட் ஒன்றுக்காகவே பாஷை நிறுவுவது படிமத்தின் அளவைக் கூட்டுவதோடு, பாதுகாப்புத் திருத்தங்களுக்காகக் கண்காணிக்க வேண்டிய பொதிகளின் பட்டியலிலும் ஒன்றைச் சேர்க்கிறது. 2014 செப்டெம்பரில் பாஷில் வெளிப்பட்ட ஷெல்ஷொக் என்ற பாதுகாப்புக் குறைபாடு எப்போதோ திருத்தப்பட்டுவிட்டது என்றாலும், தேவையற்ற இடத்தில் பாஷ் இருக்கக்கூடாது என்று வாதிடுபவர்கள் இன்னமும் அதைத்தான் முதலில் நினைவூட்டுகிறார்கள்.

எளிமையின் விலை எழுதும்போது தெரியவரும். பொசிக்ஸில் அணிகள் கிடையாது. ஒரு கட்டளைக்கான விருப்பங்களைச் சேர்த்துக்கொண்டே போய் இறுதியில் மொத்தமாகக் கொடுக்க வேண்டுமானால், ஸ்கிரிப்டுக்கு வந்த வாதங்களின் இடத்தையே கடன் வாங்கி அதில் அடுக்க வேண்டும். செய்ய முடியும், ஆனால் புதியவர் ஒருவர் அதைப் படித்து விளங்கிக்கொள்ள நேரம் எடுக்கும். சார்புக்குள் மட்டும் வாழும் மாறியை அறிவிக்கும் 'லோக்கல்' தரத்தில் இல்லை, நடைமுறையில் டாஷும் பிசிபொக்ஸும் ஏற்றுக்கொண்டாலும். குழாய் வரிசையில் இடையில் நின்ற கட்டளை தோற்றால் முழு வரிசையையும் தோல்வியாகக் கொள்ளும் 'பைப்ஃபெயில்' 2024ஆம் ஆண்டுப் பதிப்பில்தான் தரத்துக்குள் வந்தது. சேவையகங்களில் ஏற்கெனவே நிறுவப்பட்டிருக்கும் டாஷ்களில் அதை நம்ப முடியாது.

இதைவிடப் பெரிய சிக்கல், பொசிக்ஸில் எழுதுகிறோம் என்று நினைத்துக்கொண்டு பாஷில் எழுதுவது. உபுண்டு 2006 ஒக்டோபரில் வெளியான 6.10 பதிப்பிலிருந்து, sh என்ற பெயரில் அழைக்கப்படும் இயல்பு ஷெல்லாக டாஷை வைத்திருக்கிறது. மெக் கணினியிலோ அதே பெயரில் அழைக்கப்படுவது பாஷ், பொசிக்ஸ் முறைமையில். அங்கே இரட்டைச் சதுர அடைப்பு [[ ]] எந்த முறைப்பாடும் இல்லாமல் ஓடும். உபுண்டுவில் அப்படியொரு கட்டளையே இல்லை என்று டாஷ் சொல்லும். மறுஆய்வில் சிவப்புக் குறி விழுந்ததும் "என்ட மெஷினில ஓடுதே அண்ணா" என்று தம்பிமார் கேட்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான், அவர்கள் சொல்வது உண்மையும்கூட. முதல் வரியில் பொசிக்ஸ் ஷெல்லைக் குறிப்பிடும் கோப்பில் பாஷுக்கே உரிய தொடர்கள் இருந்தால், ஸ்கிரிப்டுகளின் பிழைகளைத் தேடும் ஷெல்செக் கருவி அதைச் சுட்டிக்காட்டும். டெபியனின் நிரலாளர் கருவிப் பொதியிலும் அதற்கெனவே ஒரு சரிபார்ப்பான் உண்டு. இத்தகைய கருவி ஒவ்வொரு மாற்றத்தின் மீதும் தானாக ஓடாவிட்டால், பொசிக்ஸ் என்ற விதி காகிதத்தில்தான் இருக்கும்.

பாஷ், ஆனால் எந்தப் பாஷ்?

குனூ திட்டத்துக்காக பிரையன் ஃபொக்ஸ் எழுதி 1989இல் வெளியான பாஷை, இன்று நம்மில் பெரும்பாலானோர் ஷெல் என்ற சொல்லுக்கே பொருளாகக் கொள்கிறோம். அணிகள், இரட்டைச் சதுர அடைப்பு, ஒழுங்குமுறைக் கோவைகளை நேரடியாகப் பொருத்திப் பார்ப்பது என எழுதுபவரின் சுமையைக் குறைக்கும் வசதிகள் அதில் நிறைய உண்டு. கூகுளின் ஷெல் நடைக் கையேடு, செயற்படுத்தும் ஸ்கிரிப்டுகளுக்குப் பாஷ் ஒன்றே என்று தீர்த்துச் சொல்கிறது. ஓப்பன்ஸ்டெக்கின் டெவ்ஸ்டெக்கும் கூபர்நெட்டிஸின் கட்டுமான ஸ்கிரிப்டுகளும் பாஷில்தான் இருக்கின்றன.

ஆனால் பாஷ் என்று மட்டும் எழுதிவைப்பது முடிவாகாது. நான்காம் பதிப்பில் பாஷின் உரிமம் ஜிபிஎல் என்ற திறந்த மூல உரிமத்தின் மூன்றாம் பதிப்புக்கு மாறியதால், அப்பிள் 3.2இலேயே நின்றுவிட்டது, 2019இல் மெக்கின் இயல்பு ஷெல் இசட்-ஷெல் ஆனபின்பும் உள்ளே இருக்கும் பாஷ் அதே பழைய 3.2தான். 2009இல் வந்த 4.0ஆம் பதிப்பின் பெயர்ச்சுட்டு அணிகளோ, கோப்பொன்றின் வரிகளை ஒரே அடியில் அணிக்குள் ஏற்றும் 'மெப்ஃபைல்' கட்டளையோ அங்கே இல்லை. இன்னும் நுணுக்கமான ஒன்று: வரையறுக்கப்படாத மாறியைப் பயன்படுத்தினால் நிறுத்தும் 'நோஅன்செட்' விருப்பம் இயங்கும்போது, வெறுமையான அணியை விரித்தாலே 4.4க்கு முந்தைய பாஷ் பிழையென்று நின்றுவிடும். அதைச் சுற்றிக் கடக்கும் எழுத்துக்கோவை ஒன்று உண்டு. ஆனால் அது ஒவ்வோர் இடத்திலும் குறிப்புரை கேட்கும் அளவுக்கு அவலட்சணமானது.

ஆகவே பாஷைத் தெரிவு செய்பவர்கள் 3.2ஐ அடித்தளமாகக் கொள்வதா, 4.4ஐக் கொள்வதா என்று அடுத்த முடிவையும் எடுக்க வேண்டும். 3.2 என்றால் மெக் வைத்திருப்பவர்கள் எதையும் நிறுவாமல் ஓட்டலாம். எனினும் நிறைய வசதிகளைத் துறந்து, எழுதுபவர் எல்லோரும் பழைய பதிப்பின் ஓட்டைகளை மனத்தில் வைத்திருக்க வேண்டும். 4.4 என்றால் மெக் வைத்திருப்பவர் ஹோம்பிரூ என்ற பொதி நிறுவி வழியாகப் புதிய பாஷை ஒருமுறை நிறுவிக்கொள்ள வேண்டும். சேவையகப் பக்கத்தில் எந்த இழப்பும் இல்லை. உபுண்டு 18.04இலேயே 4.4 வந்துவிட்டது, 4.2இல் நின்றிருந்த சென்ட்ஓஎஸ் 7இன் ஆதரவு 2024 ஜூனுடன் முடிந்துவிட்டது. ஒருவரின் ஒரு முறைச் சிரமத்துக்கும் எல்லோரினதும் நிரந்தரச் சிரமத்துக்கும் இடையிலான இந்தத் தெரிவில் நான் 4.4 பக்கமே நிற்கிறேன். ஒவ்வொரு ஸ்கிரிப்டின் முதல் வரியும் பாஷின் நிலையான பாதையைக் குறிப்பிடாமல் 'என்வ்' வழியாக அதைத் தேடிப் பிடிக்க வேண்டும். அப்போதுதான் ஹோம்பிரூ நிறுவியது கைக்கு வரும். பொது நூலகக் கோப்பு பதிப்பு எண்ணைச் சரிபார்த்து, பழையதென்றால் எதை நிறுவ வேண்டும் என்று தெளிவாகச் சொல்லிவிட்டு விலக வேண்டும். பெயர்ச்சுட்டு அணி அறிவிப்பில் எழும் விளங்காத பிழைச் செய்தியைப் பார்த்துப் புதியவர் ஒருவர் மாலை முழுவதையும் இழப்பதைவிட அந்த ஒரு வரி மேல்.

பாஷின் பதிப்பைச் சரிசெய்த பின்பும் மெக் விட்டுவிடாது. கோப்பை அதே இடத்தில் திருத்தும் 'செட்' கருவியின் விருப்பத்துக்கு மெக்கில் காப்புப்பிரதியின் பின்னொட்டு வாதமாகத் தேவை, குனூவில் தேவையில்லை. இதற்காகவே கூபர்நெட்டிஸின் நூலகத்தில் குனூ வகைக் கருவி இருக்கிறதா என்று உறுதிசெய்யும் தனிச் சார்பு உண்டு. விண்டோஸின் லினக்ஸ் துணையமைப்பில் வேலை செய்பவர்களின் தொல்லை வேறு: விண்டோஸ் பக்கத்து எடிட்டர் வரி முடிவில் வண்டித்திருப்புக் குறியையும் சேர்த்துவிட்டால், கண்ணுக்கு எல்லாம் சரியாகத் தெரியும், ஆனால் முதல் வரியிலேயே ஸ்கிரிப்ட் விழும். நிரலின் மாற்ற வரலாற்றைப் பேணும் கிட் கருவியின் பண்புக் கோப்பில் ஸ்கிரிப்டுகளுக்கு லினக்ஸ் வரி முடிவைக் கட்டாயமாக்கினால் இந்தப் பேச்சு அத்துடன் முடிந்துவிடும்.

ஷெல்லை விட்டு விலகுவது

நூறு வரியைத் தாண்டும் ஸ்கிரிப்டையும், நேர்கோட்டில் செல்லாத தருக்கம் கொண்ட ஸ்கிரிப்டையும் வேறு மொழியில் எழுதிவிடுமாறு கூகுள் கையேடு பரிந்துரைக்கிறது. எண்ணைவிட அதன் பின்னுள்ள எண்ணமே பயனுள்ளது. மேகச் சேவைகளின் பதில்கள் ஜேசன் என்ற தரவு வடிவில் வருகின்றன. அவற்றை 'கிரெப்', 'ஓக்' ஆகிய உரைக் கருவிகளைக் கொண்டு வெட்டி எடுப்பவர், அந்தப் பதிலில் புலங்களின் வரிசை மாறாது என்று தன்னையறியாமல் பந்தயம் கட்டுகிறார். ஜேசனைப் படிக்கும் 'ஜேக்யூ' கருவியை ஓரிடத்தில் பயன்படுத்துவது ஏற்கத்தக்கது. அதன் வெளியீட்டை மாறிக்குள் வைத்து, சுற்றில் போட்டு, இடையில் தோற்றால் மீண்டும் முயன்று, முடிவுகளை வேறொரு ஜேசனாகக் கட்டத் தொடங்கும்போது அது ஷெல்லின் வேலை என்ற எல்லையைத் தாண்டிவிட்டது.

மறுபுறம், எல்லாவற்றையும் பைத்தனுக்கு மாற்றுவோம் என்று சொல்பவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. ஐந்தாறு கட்டளைகளை வரிசையாக ஓட்டும் ஸ்கிரிப்டில் ஷெல்லைவிடத் தெளிவானது வேறில்லை. படிப்பவர் ஒரு வரியை அப்படியே எடுத்து முனையத்தில் ஒட்டி என்ன நடக்கிறதென்று பார்த்துக்கொள்ளலாம். ஓப்பன்ஸ்டெக் பெரும்பாலும் பைத்தனில் எழுதப்பட்ட திட்டம். ஆயினும் அதன் உருவாக்கச் சூழலை நிறுவும் டெவ்ஸ்டெக் பாஷில் இருக்கிறது. நிறுவலின் ஒவ்வொரு படியையும் ஒருவர் வாசித்துக் கற்றுக்கொள்ள அது உதவுகிறது. பைத்தனுக்கோ தன் பதிப்பு, மெய்நிகர்ச் சூழல், நூலகங்கள் என்று தனிச் சுமை உண்டு. அந்தச் சூழலை அமைப்பதற்கே ஒரு ஷெல் ஸ்கிரிப்ட் தேவைப்படுவது இத்துறையின் பழைய வேடிக்கை.

எனவே ஒரே பதிலைத் தேடுவதை விட்டு, ஸ்கிரிப்ட் எங்கே ஓடுகிறது என்பதைப் பார்த்துப் பிரிப்பதையே நான் முன்மொழிகிறேன். கொள்கலனுக்குள் ஓடுபவை பொசிக்ஸ் ஷெல்லில், இயன்றவரை குறுகியதாக. பங்களிப்பாளரின் கணினியிலும், மாற்றங்களைத் தானாகக் கட்டிச் சோதிக்கும் தொடர் ஒருங்கிணைப்புச் சேவையகத்திலும் ஓடுபவை பாஷ் 4.4இல். ஜேசனைக் கட்டுபவை, பிணையத் தோல்விகளைக் கையாள்பவை, நூறு வரியைக் கடப்பவை பைத்தனில். எந்த அடைவில் கோப்பு இருக்கிறதோ அதுவே அதன் மொழியைத் தீர்மானிக்கட்டும். அப்படியானால் மறுஆய்வில் விவாதிக்க எதுவும் மிஞ்சாது.

தோற்றம் பற்றிய விதிகள்

உள்தள்ளல் பற்றி அதிகம் பேச விரும்பவில்லை. கூகுள் இரண்டு இடைவெளி, வரிக்கு 80 எழுத்து என்கிறது. ஓப்பன்ஸ்டெக்கின் பாஷேட் சரிபார்ப்பான் நான்கின் மடங்காக இடைவெளியையும், 79க்கு மேற்படாத வரிகளையும் கேட்கிறது. கோ மொழியில் எழுதப்பட்ட எஸ்எச்எஃப்எம்டி என்ற வடிவமைப்பான் இயல்பாக டெப் குறியை வைக்கும். டெப்புக்கு ஆதரவாக உண்மையான காரணம் ஒன்றே இருக்கிறது: ஸ்கிரிப்டுக்குள் பதிக்கப்படும் பல வரி உரையின் முன்னொட்டை நீக்கும் தொடர் டெப்பை மட்டுமே நீக்கும், இடைவெளியை நீக்காது. அது போதுமானதாக எனக்குப் படவில்லை. இரண்டு இடைவெளியென்று வடிவமைப்பானிடம் சொல்லிவிட்டால் மனிதர்கள் அதைப் பற்றி நினைக்கவே வேண்டியதில்லை. சார்புப் பெயர்களில் சிறிய எழுத்தும் அடிக்கோடும், மாறாத மதிப்புகளுக்குப் பெரிய எழுத்தும் என்பது பரவலான வழக்கம், அதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். கூபர்நெட்டிஸின் இரட்டை முக்காற்புள்ளிப் பெயர்கள் பெரிய நூலகத்துக்குப் பொருத்தம், எங்கள் அளவுக்கு அதிகம். அங்கிருந்து எடுக்கத்தக்கது வேறொன்று: ஒரு விடயத்தைச் சரிபார்க்கும் ஸ்கிரிப்டின் பெயர் 'வெரிஃபை' என்றும், அதே விடயத்தைச் சரிசெய்யும் ஸ்கிரிப்டின் பெயர் 'அப்டேட்' என்றும் இணையாகத் தொடங்குவது. சரிபார்ப்பு தோற்றால் எதை ஓட்ட வேண்டும் என்று யாரையும் கேட்காமலே தெரிந்துவிடுகிறது.

தோல்வியை எப்படி எதிர்கொள்வது

உண்மையான கருத்து வேறுபாடு இங்கேதான். ஒரு தரப்பு, எந்தக் கட்டளை தோற்றாலும் ஸ்கிரிப்டை நிறுத்தும் 'எர்எக்ஸிட்', மேலே சொன்ன 'நோஅன்செட்', 'பைப்ஃபெயில்' ஆகிய மூன்றையும் எல்லாக் கோப்புகளின் தலையிலும் கட்டாயமாக்கச் சொல்கிறது. கூபர்நெட்டிஸின் ஸ்கிரிப்டுகளில் இந்த மூன்று வரிகளும் நீண்ட பெயர்களுடன் எழுதப்பட்டிருப்பதைக் காணலாம். மறு தரப்பு, 'எர்எக்ஸிட்' விதிவிலக்குகள் நிறைந்த பொறி, அதை நம்புவதைவிட முக்கியமான ஒவ்வொரு கட்டளைக்குப் பின்னும் தோல்வியை நேரடியாகச் சோதிப்பதே நேர்மையானது என்கிறது.

இரண்டாம் தரப்பின் சான்றுகள் வலுவானவை. எண்ணியை ஒன்றால் கூட்டும் கணக்குத் தொடர், எண்ணி பூச்சியமாக இருந்தபோது பழைய மதிப்பைத் தருவதால் தோல்வியாகக் கருதப்பட்டு, முதற் சுற்றிலேயே ஸ்கிரிப்ட் மௌனமாக நிற்கும். நீண்ட பதிவேட்டின் முதற் சில வரிகளை மட்டும் 'ஹெட்' மூலம் எடுத்தால், எழுதிக்கொண்டிருந்த கட்டளை குழாய் மூடப்பட்டதால் 141 என்ற குறியீட்டுடன் முடியக்கூடும். 'பைப்ஃபெயில்' அதையும் பிழையாகக் கொள்ளும். இவை தேவையில்லாமல் நிற்பவை. நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல் போவது இன்னும் மோசம். காப்புப்பிரதி எடுக்கும் சார்பொன்றை எண்ணிப் பாருங்கள்: முதலில் ஓர் அடைவுக்குள் போகிறது, அடுத்து அங்குள்ள பழைய கோப்புகளை நீக்குகிறது, பிறகு புதியதை எழுதுகிறது. அந்தச் சார்பை நேரடியாக அழைத்தால், அடைவுக்குள் போக முடியாதபோது 'எர்எக்ஸிட்' அனைத்தையும் நிறுத்திவிடும். அதே சார்பை 'இஃப்' நிபந்தனைக்குள் வைத்து அழைத்தாலோ, சார்பின் உடல் முழுவதற்கும் 'எர்எக்ஸிட்' செயலிழக்கிறது. அடைவுக்குள் போகாமலே, நின்ற இடத்திலுள்ள கோப்புகளை நீக்கும் வேலை தொடங்கிவிடும். அழைப்பவர் எழுதிய ஒரு சொல், அழைக்கப்பட்ட சார்பின் பாதுகாப்பைப் பறித்துவிடுகிறது.

இரு தரப்பையும் ஒரே நிகழ்வில் வைத்துப் பார்க்க, 2015 ஜனவரியில் வெளிச்சத்துக்கு வந்த ஸ்டீம் விளையாட்டுச் செயலியின் லினக்ஸ் ஸ்கிரிப்ட் உதவும். தான் இருக்கும் அடைவைக் கண்டறிந்து ஒரு மாறியில் வைத்து, பிற்பாடு அந்த மாறிக்குப் பின் ஒரு சாய்கோடும் நட்சத்திரக் குறியும் இட்டு, அதனுள் இருப்பவற்றை முழுதாக நீக்கும்படி அந்த ஸ்கிரிப்ட் எழுதப்பட்டிருந்தது. அடைவைக் கண்டறிவது தோற்றபோது மாறி வெறுமையானது. எஞ்சியது சாய்கோடும் நட்சத்திரமும் மட்டுமே. பயனரால் நீக்கக்கூடிய அனைத்தும் வேரிலிருந்து நீக்கப்பட்டன. இந்த இடத்தில் 'நோஅன்செட்' உதவியிராது, ஏனெனில் மாறி வரையறுக்கப்பட்டே இருந்தது, வெறுமையாக. மாறியை இரட்டை மேற்கோளுக்குள் வைப்பதும் உதவவில்லை. 'எர்எக்ஸிட்' காப்பாற்றியிருக்கும்: அடைவுக்குள் போகும் கட்டளை தோற்றதும் மதிப்பிடலே தோல்வியாகி ஸ்கிரிப்ட் நின்றிருக்கும். ஆனால் அதே வரியின் முன்னால் 'லோக்கல்' என்றோ 'எக்ஸ்போர்ட்' என்றோ ஒரு சொல் இருந்திருந்தால், அந்த அறிவிப்புக் கட்டளையின் வெற்றி உள்ளே நடந்த தோல்வியை மறைத்திருக்கும். 'எர்எக்ஸிட்' கண்ணை மூடிக்கொண்டிருக்கும். ஷெல்செக் தன் 2155ஆம் விதியில், அறிவிப்பையும் மதிப்பிடலையும் தனி வரிகளாகப் பிரிக்கச் சொல்வது இதனால்தான். எந்த நிலையிலும் காப்பாற்றியிருக்கக்கூடியது ஒன்றே: நீக்கும் கட்டளையில் மாறியின் பெயருக்குப் பின், நெளியடைப்புக்குள், முக்காற்புள்ளியும் கேள்விக்குறியும் இடுவது. மாறி வெறுமையாக இருந்தால் அந்தக் குறி அங்கேயே ஸ்கிரிப்டை நிறுத்திவிடும். பாஷில் மட்டுமன்றி பொசிக்ஸ் ஷெல்லிலும் அது இயங்கும்.

இதனால் என் நிலைப்பாடு இரண்டையும் சேர்ப்பது. பாஷ் கோப்புகளில் மூன்று விருப்பங்களும் கட்டாயம். பொசிக்ஸ் கோப்புகளில் முதல் இரண்டு. அவற்றை வலையாக மட்டுமே கொண்டு, எதையாவது நீக்கும், மேலெழுதும், மேகத்தில் வளமொன்றை உருவாக்கும் கட்டளைகள் ஒவ்வொன்றுக்கும் தோல்விச் சோதனையைக் கையால் எழுத வேண்டும். நீக்கும் கட்டளையில் கேள்விக்குறி இல்லாத மாறி இருந்தால் மறுஆய்வு அங்கேயே நிற்கும். இந்த ஒரு விதியில் மட்டும் நான் இறங்கிவர மாட்டேன்.

இங்குள்ளவர்கள் கவனிக்க வேண்டியவை

பொதுக் கையேடுகள் பேசாத சில விடயங்களும் உண்டு. சோதனைத் தரவுகளில் தமிழிலும் சிங்களத்திலும் பெயரிட்ட கோப்புகள் எங்களிடம் உள்ளன. கிட்டிடம் கோப்புப் பட்டியலைக் கேட்டால், இயல்பு அமைப்பில் 'க' என்ற எழுத்து \340\256\225 என்று எண்மக் குறிகளாக, மேற்கோளுக்குள் வரும். அந்தப் பட்டியலைச் சுற்றில் படிக்கும் ஸ்கிரிப்ட் அப்படியொரு கோப்பே இல்லையென்று விழும். வெற்றுக்குறியால் பிரிக்கப்பட்ட பட்டியலைக் கேட்டு வாங்குவதே வழி. இடைவெளி கொண்ட பெயர்களும் அதனால் தப்பும். நீளம் அளப்பதும் இப்படியே. 'கொழும்பு' என்பதைப் படிப்பவர் நான்கு எழுத்தாக எண்ணுவார். யூனிகோட் இடஅமைவில் (மொழி, எழுத்துமுறை அமைப்பில்) பாஷ் 8 என்கிறது, வெறும் சி இடஅமைவில் 24 என்கிறது. அட்டவணையை நெடுவரிசையாக ஒழுங்குபடுத்தும் வேலையை ஷெல்லிடம் கொடுக்க வேண்டாம் என்பதற்கு இதுவே போதும். வரிசைப்படுத்தலின் வெளியீட்டை ஒப்பிடும் சோதனைகளில் மட்டும் சி இடஅமைவை வெளிப்படையாகக் குறிப்பிட வேண்டும், இல்லையேல் ஒருவரின் கணினியில் தேறியது மற்றவரின் கணினியில் தோற்கும்.

கோப்புப் பெயரில் நேரமுத்திரை இடும்போது அனைத்துலகப் பொது நேரத்தையே பயன்படுத்த வேண்டும். சேவையகம் பொது நேரத்திலும் எங்கள் கணினிகள் ஐந்தரை மணித்தியாலம் முந்தியும் இருப்பதால், நள்ளிரவை அண்டிய காப்புப்பிரதிகளின் திகதியே மாறிவிடும். இலங்கையின் நேரம் 1996இல் இரு முறையும் 2006 ஏப்ரலில் ஒரு முறையுமாக மாறியதை நினைவில் வைத்திருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

2022 மார்ச் இறுதியில் மின்வெட்டு பதின்மூன்று மணித்தியாலம்வரை நீண்ட நாட்களில் இங்கு வேலை செய்தவர்கள், இடையில் அறுந்த ஸ்கிரிப்டை மீண்டும் முதலிலிருந்து ஓட்டினால் என்ன ஆகும் என்ற கேள்வியைத் தவிர்க்க முடியாது. தற்காலிகக் கோப்புகளைத் துடைக்க வெளியேறும் தருணத்தில் 'ட்ராப்' கட்டளையால் பொறி வைப்பது நல்ல வழக்கம்தான். எனினும் மின்சாரம் போகும்போது எந்தப் பொறியும் ஓடாது. வெளியீட்டை அதே கோப்பு முறைமையில் தற்காலிகப் பெயரில் எழுதி முடித்து, அது வட்டில் பதிந்ததை 'சிங்க்' கட்டளையால் உறுதிசெய்து, கடைசியில் பெயரை மாற்றுவதே பாதுகாப்பு: பெயர் மாறியிருந்தால் கோப்பு முழுமையானது, இல்லையென்றால் அது இல்லை. உருவாக்கும் கட்டளைகளும், ஏற்கெனவே இருந்தால் அமைதியாகக் கடந்து செல்லும் வகையில் எழுதப்பட வேண்டும்.

குறிப்புரைகளையும் பிழைச் செய்திகளையும் தமிழில் எழுதலாமா என்ற கேள்வியும் எழுந்தது. திட்டத்தைப் படிப்பவர்கள் உலகெங்கும் இருப்பதாலும், எங்கள் குழுவிலேயே தமிழ் வாசிக்காத நண்பர்கள் இருப்பதாலும், கோப்புக்குள் ஆங்கிலம், புதியவர்களுக்கான விளக்கக் கையேடு தமிழிலும் சிங்களத்திலும் என்று பிரிப்பது நியாயமாகப் படுகிறது.

பழைய கோப்புகள்

இனி எழுதப்படுபவற்றுக்கு விதி வைப்பது எளிது; ஏற்கெனவே இருப்பவற்றை என்ன செய்வது என்பதிலும் இரு வழிகள் உண்டு. எல்லாவற்றையும் ஒரே நாளில் வடிவமைப்பானுக்குள் செலுத்தினால் களஞ்சியம் உடனே சீராகும். ஆனால் திறந்திருக்கும் மாற்றங்கள் எல்லாம் மோதும், எந்த வரியை யார் ஏன் எழுதினார் என்ற வரலாறும் மங்கும். பின்னதற்கு மருந்து உண்டு: 2019இல் வந்த கிட் 2.23 முதல், குறிப்பிட்ட மாற்றங்களை வரலாறு தேடும்போது புறக்கணிக்கும்படி ஒரு கோப்பில் பட்டியலிடலாம். ஆகவே உள்தள்ளலை ஒரே மாற்றத்தில், தருக்கத்தில் ஓர் எழுத்தும் தொடாமல், முடித்துவிடலாம். ஷெல்செக் எழுப்பும் எச்சரிக்கைகளை அப்படி மொத்தமாகத் திருத்தக்கூடாது. மேற்கோள் குறி சேர்ப்பதுகூட, வேண்டுமென்றே சொற்பிரிப்பை நம்பியிருந்த வரியொன்றின் நடத்தையை மாற்றிவிடும். கூபர்நெட்டிஸ் செய்ததுபோல் இன்னும் தேறாத கோப்புகளின் பெயர்ப் பட்டியலைக் களஞ்சியத்திலேயே வைத்து, பட்டியலில் இல்லாதவை கட்டாயம் தேற வேண்டும் என்றும், பட்டியலில் புதிய பெயர் சேரக்கூடாது என்றும் தொடர் ஒருங்கிணைப்பில் அமைத்துவிட்டு, பழைய ஸ்கிரிப்டொன்றை வேறு காரணத்துக்காகத் தொடுபவர் அதன் பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டுப் போகலாம். எச்சரிக்கையை அணைக்கும் குறிப்பு வேண்டிவந்தால், அதன் அருகிலேயே காரணமும் எழுதப்பட வேண்டும். காரணமற்ற குறிப்பை மறுஆய்வாளர் ஏற்கக்கூடாது.

பட்டியலில் முதலில் கைவைக்க வேண்டியவை கோப்புகளை நீக்கும் ஸ்கிரிப்டுகள். அவற்றுக்கு முதலில் பேட்ஸ் என்ற ஷெல் சோதனைக் கருவியில் சோதனை எழுதி, அதன் பிறகே ஒரு வரியையாவது மாற்றலாம்.